இரண்டு முட்டு

ஸ்டோன் ரன், பென்சில்வேனியா
பிப்ரவரி 7, 1988

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

போன் செய்தால் உங்கள் அக்கா ருதான்தான் எடுக்கிறாள். “அவ தூங்குறா எல்வுட்” என்கிறாள். மத்தியானம் கூப்பிட்டாலும் தூக்கம், சாயங்காலம் கூப்பிட்டாலும் தூக்கம். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுவாகத்தான் இருக்கும்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் போன சனிக்கிழமை கோழியும் சோளமும் போட்ட சூப் விருந்து வைத்தார்கள். எல்லோரும் உங்களைக் கேட்டார்கள். “ஒஹாயோவுல அக்கா வீட்டுல இருக்காங்க, நல்லா இருக்காங்க” என்றேன். நல்லா இருக்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினைப் பூட்டி முடித்துவிட்டேன். கேலன் அண்ணன் இலையுதிர் காலத்தில் பிரித்துப் பரப்பிவிட்டுப் போன அதே எஞ்சின்தான். ரேஸ் கார் கொட்டகையில் நாலு சக்கரத்தில் நிற்கிறது. கூரைமேல் தகட்டு றெக்கை மட்டும் மாட்டவில்லை. வுல்ஃப் ஹில் மைதானத்தில் இந்த வருடத்தின் முதல் ரேஸ் மார்ச் ஆறாம் தேதி, ஞாயிறு மத்தியானம். அதில் இறக்க ஆசைப்படுகிறேன். காரில் பாதி அண்ணனுடையது, இப்போது உங்களுடையது. நீங்கள் சரி என்று சொல்லாமல் கொட்டகைக் கதவைத் திறக்க மாட்டேன்.

இன்னொன்று. பிக்கப் டிரக்கை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். முன்பக்கம் ரப்பர் அடித்த கட்டை அதில்தான் இருக்கிறது. கார்களைத் தள்ளிவிட மைதானத்திலேயே டிரக்குகள் உண்டு என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

யார் ஓட்டப் போவது என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் எழுதலாம் என்று வைத்திருந்தேன். கடைசி வந்துவிட்டது. டெல்மார் யிங்ஸ்ட்.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை படியுங்கள்.

உங்கள் கொழுந்தன்,
எல்வுட்

*

ஆஷ்டபுலா, ஒஹாயோ
பிப்ரவரி 12

எல்வுட்,

கிழிக்கவில்லை. அடுப்பில் போட்டேன்.

டெல்மாரா? உன் அண்ணனை வேலியில் கொண்டுபோய்ச் சாத்தித் தோள் எலும்பை உடைத்தானே, அந்த டெல்மாரா? உடைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு, “கேலனுக்கு ஓட்டத் தெரியலன்னா அதுக்கு நானா பொறுப்பு?” என்று ஊர் கேட்கப் பேசினானே, அவனா? அந்தக் கோடை முழுக்க உன் அண்ணனுக்கு நான்தான் சட்டை மாட்டிவிட்டேன். சாவுக்குக்கூட வராதவனை அவர் சீட்டில் உட்கார வைக்கிறாய்.

வேண்டாம். தார்ப்பாயைப் போட்டு மூடு.

டிரக் வராது. நான் அதில்தான் வேலைக்குப் போகிறேன். முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை. பெரிய பெரிய இயந்திரங்கள். அவை சத்தம் போடுவதால் யாரும் என்னிடம் பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் அதிகம் படிக்காதவள். உன்னைப்போலச் சுற்றி வளைத்து எழுத வராது. பதினெட்டு வருடம் அந்த மண் தடத்தில் கரணம் அடித்து, தலைகீழாகத் தொங்கி, எழுந்து நடந்து வந்த மனிதர், பால் லாரியில் போய்ப் பாலத்துப் பனியில் வழுக்கிச் செத்தார். ரேஸ் நாளில் மட்டும் நான் பயந்தேன். மற்ற நாட்களில் பயப்படவில்லை. இப்போது இங்கே பால் லாரி தெருவில் போனால் நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்கிறேன்.

அவர் சீட்டைத் தொடாதே.

வெர்னா

*

ஸ்டோன் ரன்
பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணிக்கு,

தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே. இப்போது கொட்டகைக்குள் போனால் பிணத்தை மூடி வைத்ததுபோல இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

டெல்மாரை நான் தேடிப் போகவில்லை. அவனாக வந்தான். அவனை வைத்து ஓட்டிய முதலாளி காரை விற்றுவிட்டு ஒதுங்கிவிட்டான். ஜனவரி கடைசியில் ஒருநாள் கொட்டகைக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தான். கதவைக்கூடத் தட்டவில்லை.

“என்ன வேணும்?” என்றேன்.

“ஒண்ணும் வேணாம். கார் இருக்கா, வித்துட்டியான்னு பாக்க வந்தேன்.”

“இருக்கு. பாத்தாச்சுல்ல, கெளம்பு.”

“இப்படியே நிறுத்தி வெச்சா டயர் ஒரு பக்கமா அமுங்கிப் போயிடும்டா.”

“உனக்கென்னடா வந்துச்சு?”

“அந்தக் கார் பின்னாடி வருஷக்கணக்கா மண்ணு தின்னவன் நான். எனக்கென்னவாம்!”

உள்ளே விட்டேன். காரைச் சுற்றிச் சுற்றி வந்தானே தவிர ஏறவில்லை. நான்தான் ஏறச் சொன்னேன். அண்ணனைவிட அவன் இரண்டு பங்கு அகலம், உங்களுக்கே தெரியும். பாதி இடுப்பு உள்ளே போனதும் நின்றுவிட்டது. நான் சீட்டின் பக்கத் தகட்டை வெளிப்பக்கமாகத் தட்டிவிடலாம் என்று சுத்தியலை எடுத்தேன்.

“சுத்தியலக் கீழ வை” என்றான். “அது கேலன் சீட்டு. எளைக்க வேண்டியது நான்.”

அன்றிலிருந்து அவன் ஆப்பிள் பை சாப்பிடுவதில்லை. கோபம் மட்டும் அதிகமாகிவிட்டது.

சாவுக்கு வந்திருந்தான் அண்ணி. தேவாலயத்தில் பின்னால், கோட்டு மாட்டுகிற இடத்தில் நின்றான். உங்களுக்கு முகம் காட்டப் பயம். வேலியில் சாத்தியது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் அண்ணன் அவனைச் சாத்தியதும் உண்மைதான். அதை மட்டும் நீங்கள் “எடம் போதல, அதான்” என்று சொன்னீர்கள்.

நான் ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வேலை செய்யும்போது இன்னமும் ஸ்பேனரை வெளியே நீட்டுகிறேன். வாங்கிக்கொள்ளக் கை வருவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறேன். பிறகு நானே கீழே வைக்கிறேன். கார் ஓடினால் இது நின்றுவிடும் என்று சொல்லவில்லை. ஓடாமல் கிடந்தால் நிற்கவே நிற்காது, அது மட்டும் தெரியும்.

எல்வுட்

*

ஆஷ்டபுலா
பிப்ரவரி 24

எல்வுட் தம்பி,

நீ ஸ்பேனர் பற்றி எழுதியதை ருதானுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. மீதியை அவள் படித்தாள்.

அவளுக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. கல்யாணத்திலிருந்து ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. நேற்றுத் துணி மடிக்கும்போது கேட்டாள்.

“அந்த டிரக்குக்கு முன்னாடி எதுக்குடி ரப்பரு?”

“ரேஸ் காரத் தள்ளுறதுக்கு.”

“ஏன், அது ரிப்பேரா?”

“ரிப்பேரில்ல. அந்தக் காருக்குச் சாவியே கெடையாது. தானா ஸ்டார்ட் ஆகாது. பின்னாலேர்ந்து ஒருத்தர் தள்ளணும். தள்ளத் தள்ளச் சக்கரம் சுத்தி எஞ்சின் பத்திக்கும்.”

“இத்தனை காசு போட்டுச் செய்யிறானுங்க, ஒரு சாவி வெக்கத் தோணலியா?”

“கனம் ஏறிடும்.”

“ஒரு சாவி எவ்வளவு கனம் இருக்கும்!”

எல்வுட், ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. ருதான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பால் லாரிக்குச் சாவி இருந்தது. விடியுமுன் எழுந்து, என்னை எழுப்பாமல், தானே சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு போய்விட்டார். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

ஓட்டிக்கொள். தார்ப்பாயை எடு. ஆனால் காரின் பக்கவாட்டில் இருக்கிற அவர் பெயரை அழிக்கக் கூடாது. சீட்டைத் தட்டக் கூடாது. டெல்மார் ஜெயித்தால் மைக்கில் எதுவும் பேசக் கூடாது.

நான் வர மாட்டேன். டிரக்கும் வராது. அந்தக் கார் வேறொருவனை வைத்துக்கொண்டு பற்றிக்கொள்ளும் சத்தத்தை என்னால் கேட்க முடியாது. கோபத்தில் சொல்லவில்லை. முடியாது.

வெர்னா

*

ஸ்டோன் ரன்
மார்ச் 7

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் ரேஸ் நேற்று நடக்கவில்லை. பனி கொட்டி ஒத்திவைத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு, பதின்மூன்றாம் தேதி மறுபடியும். ஆனால் பனி வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கார்களை வரிசையில் நிறுத்தியிருந்தோம். அந்தக் குளிரிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. வினிகர் ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலை எல்லாரும் கையுறையோடு தின்றுகொண்டிருந்தார்கள். டெல்மார் உள்ளே திணித்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. வாரைக் கட்டினேன். மைதானத்து டிரக் பின்னால் வந்து நின்றது. தள்ளப் போகும் நேரத்தில் டெல்மார் கையைத் தூக்கி நிறுத்திவிட்டான்.

“என்னடா?” என்று ஓடினேன். எண்ணெய் ஒழுகுகிறதோ என்று பயம்.

“ரெண்டு முட்டு முட்டச் சொல்லு” என்றான்.

“என்ன முட்டு?”

“தள்ளுறதுக்கு முன்னாடி மெதுவா ரெண்டு முட்டு. வெர்னா முட்டுவாங்கல்ல, அது மாதிரி.”

“என்ன ஒளர்ற?”

“டேய், பதினோரு வருஷம் இவனுக்குப் பின்னாடியும் பக்கத்துலயும் வரிசைல நின்னிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்தம்மா ரெண்டு முட்டு முட்டித்தான் தள்ளும். ஒரு வாட்டிகூடத் தவறுனதில்ல. இந்தக் காருக்கு அது பழகிப் போச்சு. நீ பாத்ததே இல்லையா?”

நான் பார்த்ததே இல்லை அண்ணி. அந்தக் காரைச் செய்தவன் நான். ஒவ்வொரு வாரமும் பக்கத்திலேயே நின்றவன். சக்கரத்தைப் பார்த்தேன், எண்ணெய் அளவைப் பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை.

டிரக் ஓட்டுகிறவனிடம் சொன்னால் அவன் என்னைக் குடிகாரனைப் போலப் பார்த்தான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். சரி என்று அவனை இறக்கிவிட்டு நானே ஏறினேன். குளிரில் கால் விறைத்துப்போயிருந்தது. முதல் முட்டிலேயே காரின் பின்கம்பி வளைந்துவிட்டது. டெல்மாரின் தலை ஸ்டீயரிங்கைத் தொட்டு வந்தது.

“முட்டச் சொன்னேன்டா! இடிக்கச் சொல்லல!”

இரண்டாவதுக்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கடவுளே பார்த்து நிறுத்திவிட்டார் என்று டெல்மார் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அது என்ன முட்டு அண்ணி? அதற்கு என்ன அர்த்தம்? எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான்தான் முட்டியாக வேண்டும். அது இல்லாமல் நகர மாட்டேன் என்கிறான்.

எல்வுட்

*

ஆஷ்டபுலா
மார்ச் 10

எல்வுட் தம்பி,

உன் கடிதம் இன்று வந்தது. உடனே எழுதுகிறேன்.

அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

கல்யாணமான முதல் கோடை. வழக்கமாகத் தள்ளுகிறவன் அன்றைக்கு வரவில்லை. உன் அண்ணன் என்னிடம் டிரக் சாவியைக் கொடுத்து, “நீ தள்ளு” என்றார். எனக்கு டிராக்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். செருப்பெல்லாம் சேறு. கிளட்சிலிருந்து கால் வழுக்கி டிரக் அவர் காரைப் போய் முட்டியது. பயந்து எடுத்தேன், மறுபடியும் வழுக்கி மறுபடியும் முட்டியது. மூன்றாவது தடவைதான் ஒழுங்காகத் தள்ளினேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு முதல் தடவையாக ஜெயித்தார். இறங்கி வந்து, “தள்ளுறதுக்கு முன்னாடி ரெண்டு வாட்டி என்னமோ சொன்னியே, என்ன சொன்ன?” என்றார்.

“ஒண்ணும் சொல்லல. கால் வழுக்கிடுச்சு.”

“நல்லா இருந்துச்சு. அடுத்த வாரமும் அதையே சொல்லு” என்றார்.

அவ்வளவுதான். பிறகு ஒரு நாளும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் முட்டுவேன், அவர் போவார். கிளம்பும்போது திரும்பிப் பார்க்க மாட்டார்.

யாரும் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன். சாவு வீட்டில் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு உன் அண்ணனைப் பற்றித்தான் சொன்னார்கள். எப்படி ஓட்டினார், எப்படிச் சிரித்தார் என்று. அங்கே நானும் இருந்தேன் என்று யாரும் சொல்லவில்லை. சொன்னது டெல்மார். போயும் போயும் டெல்மார்.

முட்டுவது இப்படி. ஆக்ஸிலேட்டரைத் தொடாதே. கிளட்சிலிருந்து காலை லேசாக விடு, டிரக் தானாக நகரும். கன்றுக்குட்டி மடியை முட்டுமே, அந்த அளவு. தொட்டதும் நிறுத்து. ஒரு மூச்சு விடு. மறுபடியும். ரப்பர் அவன் கம்பியில் படுவது உன் முதுகில் தெரிய வேண்டும். பிறகு தள்ளு. எஞ்சின் பற்றிக்கொண்டதும் உடனே விலகிவிடாதே, அது உன்னை விட்டுப் போகும். போக விடு.

வெர்னா

உறையின் பின்னால், பென்சிலில்:

தபால் ஆபீசில் கேட்டேன். திங்கட்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைக்காதாம். ஞாயிற்றுக்குள் கிடைக்காதாம் எல்வுட்.

*

ஸ்டோன் ரன்
மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் அவர்கள் சொன்னபடியே திங்கட்கிழமை வந்தது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டீர்கள்.

உங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். நான் மைதானத்து டிரக்கில் ஏறி, காலைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். முன்னால் காருக்குள் டெல்மார் மண்டையைச் சுருக்கிக்கொண்டு இடிக்குக் காத்திருந்தான். அப்போது யாரோ என் கதவைத் தட்டினார்கள். வாசலில் டிக்கெட் பார்க்கிறவன். “எல்வுட், டிரக்க எடு. அந்தம்மாவுக்கு வழி விடணும்” என்றான். திரும்பினால் நம் நீல பிக்கப், ஒஹாயோ உப்பும் சேறும் அப்பிக்கொண்டு.

பிறகு அவனிடம் கேட்டேன், எப்படி விட்டாய் என்று. “டிக்கெட் எங்கம்மான்னு கேட்டேன். ‘என் புருஷன் காரு உள்ள நிக்குது, தள்ளணும், கதவத் தொற’ன்னாங்க. தொறந்துட்டேன். நீயா இருந்தாலும் தொறந்திருப்ப” என்றான்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அது பரவாயில்லை. நானும் பக்கத்தில் வராமல் நின்று பார்த்தேன். இந்தத் தடவை பார்த்தேன். முதல் முட்டு. ஒரு மூச்சு. இரண்டாவது. சுருங்கியிருந்த டெல்மாரின் தோள் மெல்ல இறங்கியது. யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்க முடியாதபடி வாரைக் கட்டியிருந்தேன். இல்லாவிட்டால் பார்த்திருப்பான், பாதித் தலை திரும்பியது. பிறகு நீங்கள் தள்ளினீர்கள். திருப்பத்துக்கு முன்னாலேயே பற்றிக்கொண்டது. எஞ்சினில் எரிந்த மெத்தனால் புகை வந்து கண்ணில் அடித்தது. கண் எரிந்தது. புகையால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதி ரேஸுக்கும் தள்ளிவிட்டீர்கள். கொடி விழுவதற்குள் உங்களைக் காணவில்லை. அதனால் முடிவைச் சொல்கிறேன். ஆறாவதாக வந்தான். நாலாவதாக வந்திருப்பான். கடைசிச் சுற்றில் வேலிப் பக்கம் ஒரு காரளவு இடம் இருந்தது. டெல்மார் அந்த மாதிரி இடத்தை வாழ்நாளில் விட்டதில்லை. அன்றைக்கு விட்டான். காலை எடுத்துவிட்டான். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.

கார் வந்து நின்றதும் போனேன். முகமெல்லாம் மண், கண் மட்டும் தெரிந்தது. இறங்கவே இல்லை. அடிபட்டதோ என்று பயந்துபோனேன்.

“மாட்டிக்கிட்டேன்டா. இழு” என்றான்.

நானும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஏன்டா விட்ட? எடம் இருந்துச்சே!”

“இருந்துச்சு.”

“பின்ன?”

“முழுசாக் கொண்டு வான்னு சொல்லித்தான அந்தம்மா முட்டுனாங்க?” என்றான். நான் ஒன்றும் தெரியாதவன் என்பதுபோலப் பார்த்தான். “ரெண்டு முட்டுக்கு வேற என்னடா அர்த்தம்?”

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. கால் வழுக்கிய கதையை அவனிடம் சொல்லவில்லை. சொல்லட்டுமா என்று கேட்டு எழுதுகிறேன்.

ஏன் நிற்காமல் போனீர்கள்?

எல்வுட்

*

ஆஷ்டபுலா
மார்ச் 19

எல்வுட் தம்பி,

சொல்ல வேண்டாம். அவன் சொன்னதே அர்த்தமாக இருக்கட்டும். யோசித்துப் பார்த்தால் முதல் நாள் தவிர மற்ற எல்லா நாளும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் போகவில்லை. மைதானத்துக்குப் பின்னால் மேட்டு ரோடு இருக்கிறதே, அங்கே டிரக்கை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்க முடியவில்லை. கேட்க முடிந்தது. கேட்கவே முடியாது என்று உனக்கு எழுதியிருந்தேன். அத்தனை கார்களில் நம் கார் எது என்று காதுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றும் தூரத்தில் போகும், மறுபடியும் வரும். கடைசிச் சுற்றில் வேலிப் பக்கம் சத்தம் இறங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். பிறகு மறுபடியும் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. மோதி அணைந்த சத்தம் இல்லை, அணைக்க வேண்டிய இடத்தில் அணைந்த சத்தம். அவ்வளவு போதும் என்று கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் ருதான் தண்ணீர்க் குழாயோடு நின்றாள். “என்னடி இவ்வளவு சேறு!” என்று டிரக்கைக் கழுவ வந்தாள். முன்பக்கம் மட்டும் விட்டுவிடு என்றேன். அந்த ரப்பரில் வுல்ஃப் ஹில் மண் இருக்கிறது.

ஈஸ்டருக்கு வீட்டுக்கு வருகிறேன். வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டேன். குழாய்களைத் திறந்து வை.

அதற்குள் ஒரு காரியம் செய். கேலன் சீட்டைக் கழற்று. வளைக்காதே, தட்டாதே, மண்ணைத் துடைக்காதே. கழற்றி என் சமையலறையில், ஜன்னல் பக்கம் வை. நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். டெல்மாருக்கு அவன் இடுப்புக்கு அளவெடுத்துப் புதுச் சீட் ஒன்று செய். முழுசாகக் கொண்டுவருகிறவன் மாட்டிக்கொண்டு கிடக்கக் கூடாது. கையுறை போட்ட மூன்று பேர் இழுக்கும்வரை காரோடு உட்கார்ந்திருப்பது நல்லதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. பயப்படுவது மறுபடியும் ரேஸ் நாளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன்.

தள்ளும்போது திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அவனிடம் சொல். பின்னால் நான்தான் இருப்பேன்.

நான் வந்ததும் அவனுக்கு ஒரு ஆப்பிள் பை சுட்டுத் தருகிறேன். அளவெடுக்கும்வரை யாரும் கொடுத்துவிடாதீர்கள். அளவு மாறிவிடும்.

உன் அண்ணி,
வெர்னா